ஆய்வகக் கேள்வி பதில்: எத்திடியம் புட்டியும் மற்ற ஒளிரும் சாயங்களும்

போன இதழில், ஜெல்லில் (மின்சாரம் பாய்ச்சி டி.என்.ஏ. துண்டுகளைப் பட்டைகளாகப் பிரிக்கும் கூழ்ப்பலகையில்) ஓடும் டி.என்.ஏ.வைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது எத்திடியம் புரோமைடு என்ற ஒளிரும் சாயம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. பாதிக்குமேல் கல்லூரி ஆய்வகங்களிலிருந்து, மீதி வீட்டிலிருந்து. பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எங்கள் லேபில் எத்திடியம் புரோமைடு வைத்திருக்கும் மேஜைக்குக் "கேன்சர் டேபிள்" என்றே பெயர். ஒரு துளி கையில் பட்டால் போதும், கேன்சர் வந்துவிடும் என்று சீனியர் அக்கா சொல்கிறார். பிராக்டிகல் அன்று கை நடுங்குகிறது. உண்மையா?
– முதுகலை மாணவி, திருச்சி

கை நடுங்குவதுதான் ஆபத்து, துளி சிந்துவதே அப்போதுதான். முதலில் நிதானமாக உட்காருங்கள்.

இந்தச் சாயம் டி.என்.ஏ. ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொள்ளும். இட்லித் தட்டுகளுக்கு இடையில் ஓர் அட்டையைச் செருகினால் அடுக்கே கொஞ்சம் உயர்ந்து கோணுமே, அந்த மாதிரி. அப்படிக் கோணிய ஏணியைச் செல் நகலெடுக்கும்போது பிழை வரலாம் என்பதுதான் பயத்தின் வேர். பாக்டீரியாவை வைத்துச் செய்யும் ஏம்ஸ் சோதனையில் இது மரபணு மாற்றம் உண்டாக்குவது தெரிந்தது. ஆனால் அந்தச் சோதனையிலும் எலிக் கல்லீரலிலிருந்து எடுத்த நொதிகளைச் சேர்த்தபோதுதான் அந்த விளைவு வலுவாக வந்தது. மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் என்று நிறுவப்பட்டதா என்றால், இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் ஐ.ஏ.ஆர்.சி. போடும் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலிலும் இது இல்லை.

இன்னொரு கதை கேளுங்கள், உங்கள் சீனியர் அக்காவுக்கும் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் செட்சி ஈ கடித்து மாடுகளுக்கு வரும் ட்ரைபனோசோம் நோய்க்கு 1950-களிலிருந்து இதே பொருளை ஹோமிடியம் என்ற பெயரில் ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். அளவு, மாட்டின் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். 300 கிலோ மாடு என்றால் 300 மில்லிகிராம். நீங்கள் வார்க்கும் 50 மில்லிலிட்டர் ஜெல்லில், மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் கணக்கில், மொத்தமே 25 மைக்ரோகிராம்தான் இருக்கிறது. அந்த மாட்டுக்குப் போனது இதைப்போல 12,000 மடங்கு. மாடு தாங்கியது, அதனால் நாமும் தாங்குவோம் என்று நான் சொல்ல வரவில்லை, மாட்டுக்கு உயிர் பிழைப்பது முக்கியம், நமக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. ஆனால் ஜெல்லைப் பார்த்து நடுங்குகிற பயத்தைக் கொஞ்சம் கழற்றி, அதே ஆய்வகத்தில் இருக்கும் பொடிப் புட்டியின் மேலும், ஜெல்லைப் பார்க்க உதவும் யு.வி. (புற ஊதாக் கதிர்) பெட்டியின் மேலும் வையுங்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது, அங்கே யாரும் பயப்படுவதில்லை.

துளி கையில் பட்டால் செய்ய வேண்டியது எளிது. கையுறையைக் கழற்றுங்கள், குழாயைத் திறந்து சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள், பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஸ்பிரிட் போட்டுத் தேய்க்க வேண்டாம், தோலின் எண்ணெய்ப் பசை போனால் எதுவும் உள்ளே இறங்குவது சுலபமாகிவிடும்.

நான் ஆய்வக உதவியாளர். அலமாரியில் 1 கிராம் எத்திடியம் பொடிப் புட்டி ஒன்று பிரிக்காமல் இருக்கிறது. அதை எடைபோட்டு ஸ்டாக் (பிறகு நீர்க்கப் பயன்படும் செறிவான கரைசல்) தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எப்படிச் செய்வது?
– கோவை

நல்லவேளை, செய்வதற்கு முன்னால் கேட்டீர்கள். எடைபோடவே போடாதீர்கள்.

இந்தப் பொடி அடர்சிவப்பு, ஊதா கலந்தது மாதிரி, மிக நுண்ணியது. பாதுகாப்புத் தாளை எடுத்துப் பார்த்தால் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கும். அது தோலில் படுவதற்காக அல்ல, தூளாக மூச்சில் ஏறினால் உயிருக்கே ஆபத்து என்பதற்காக. நம் ஆய்வகங்களில் தராசு எங்கே இருக்கும்? பெரும்பாலும் மின்விசிறிக்கு நேர் கீழே. ஸ்பேட்டுலாவால் கிள்ளி எடுத்துத் தாளில் கொட்டுகிற அந்த நொடியில் விசிறி ஓடினால், அந்தத் தராசில் அடுத்து உப்பு எடைபோட வருகிறவர் வரைக்கும் அது போய்ச் சேரும்.

புட்டியில் 1 கிராம் என்று அச்சிட்டிருக்கிறதே, அந்த எடையை அப்படியே நம்புங்கள். ஃப்யூம் ஹூடுக்குள் (காற்றை வெளியே இழுக்கும் ஆய்வக அறைப்பெட்டி) வைத்து, நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்கு, கண்ணாடி, முழுக்கைக் கோட்டு போட்டுக்கொண்டு, மூடியைத் தட்டாமல் மெதுவாகத் திறந்து, உடனே ஐந்தாறு மில்லிலிட்டர் வாலை வடிநீரைப் புட்டியின் பக்கவாட்டில் வழியவிடுங்கள். நனைந்த பொடி பறக்காது, முக்கால்வாசிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. மூடிக் குலுக்கி, அந்தக் குழம்பைப் பெரிய கண்ணாடிப் புட்டிக்கு மாற்றுங்கள். மறுபடி கொஞ்சம் நீர், மறுபடி குலுக்கல், மறுபடி மாற்றல் என்று சாயம் முழுக்க வந்துசேரும் வரை அலசி, கடைசியில் மொத்தம் 100 மில்லிலிட்டர் ஆக்கினால் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் ஸ்டாக் தயார். காந்தக் கலக்கியில் சில மணி நேரம் ஓடட்டும், இது சட்டென்று கரையாது. மூடியைத் திறந்தபடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போக வேண்டாம்.

அப்புறம், அடுத்த முறை பொடியே வாங்காதீர்கள். இதே செறிவில் கரைசலாகவே விற்கிறார்கள், மாத்திரையாகவும் கிடைக்கிறது. கொள்முதல் ஆணையில் ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். எல்லாக் கையுறைகளையும் விட அது பெரிய பாதுகாப்பு, இதை உங்கள் துறைத் தலைவரிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

ஜெல்லில் எப்போது சாயத்தைச் சேர்ப்பது? மைக்ரோவேவில் வைப்பதற்கு முன்னாலா பின்னாலா?
– திருநெல்வேலி

பின்னால்தான். ஜெல்லுக்கான பொடியான அகரோஸ் உருகி, குடுவையைக் கையில் பிடிக்கலாம் என்கிற அளவுக்கு, கிட்டத்தட்ட 60 டிகிரிக்கு ஆறியதும் சேருங்கள். முன்னால் சேர்த்துச் சூடாக்கினால், அகரோஸுக்குத் திடீரென்று பொங்குகிற கெட்ட பழக்கம் உண்டு, சாயத்தோடு பொங்கி அடுப்புச் சுவரெல்லாம் பூசிவிடும். 50 மில்லிலிட்டர் ஜெல்லுக்கு 10 மில்லிகிராம் ஸ்டாக்கில் 2.5 மைக்ரோலிட்டர் போதும். "பட்டை பளிச்சென்று தெரியட்டும்" என்று பத்து மைக்ரோலிட்டர் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பின்னணிதான் பளிச்சென்று தெரியும். அந்த மைக்ரோவேவில் சாம்பார் சாதம் சூடாக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் ஆராய்ச்சிக் குழுவில் ஏழெட்டு ஒளிரும் சாயங்கள் இருக்கின்றன. எதை வெளியில், எதை ஃப்ரிட்ஜில், எதை ஃப்ரீசரில் வைப்பது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் ஃப்ரீசரில் போட்டுவிடுகிறோம். சரிதானே?
– ஆராய்ச்சி மாணவர், மதுரை

சரியில்லை. குளிர் ஒன்றுதான் பாதுகாப்பு என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. சாயங்களுக்கு முதல் எதிரி வெளிச்சம், இரண்டாவது ஈரம். வெப்பம் அதற்கப்புறம்தான் வருகிறது.

எத்திடியம் கரைசல் அறை வெப்பத்திலேயே நன்றாக இருக்கும். பழுப்பு நிறப் புட்டி, அதைச் சுற்றி அலுமினியம் ஃபாயில், அதை நிற்க வைக்க உடையாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று. டப்பா எதற்கென்றால், புட்டி கசிந்தாலும் அலமாரித் தட்டு முழுக்கப் பரவாமல் அதற்குள்ளேயே நிற்க. ஃபாயிலைச் சுற்றிவிட்டால் லேபிள் மறைந்துவிடும், அதனால் ஃபாயிலுக்கு மேலும் ஒரு லேபிள் ஒட்டுங்கள்: பெயர், செறிவு, தேதி, தயாரித்தவர். "ஈ.பி." என்று இரண்டெழுத்து மட்டும் கிறுக்கியிருக்கும் புட்டிகளை நம் ஊரில் எத்தனை ஆய்வகங்களில் பார்க்கலாம், அதை எழுதியவர் படித்து முடித்து வேலைக்கே போயிருப்பார்.

டி.என்.ஏ.வில் ஒட்டி நீலமாக ஒளிரும் டாப்பி என்ற சாயம் வேறு மாதிரி. அதை நீரில் கரையுங்கள், பாஸ்பேட் பஃபரில் நேரடியாகக் கரைத்தால் சரியாகக் கரையாமல் அடம்பிடிக்கும். கரைத்த ஸ்டாக்கைச் சின்னச் சின்ன டியூப்களில் பிரித்து மைனஸ் 20-ல் வைத்து, ஒன்றை எடுத்தால் அதை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். உருக்கி உறைய வைத்து உருக்கி என்று ஒரே டியூபைப் பாடுபடுத்தினால் சாயம் தளர்ந்துபோகும். தானாகவே பனி நீக்கிக்கொள்ளும் வீட்டு ஃப்ரீசர்களை இதற்காகத்தான் வேண்டாம் என்கிறார்கள், அவை பனியை நீக்குவதே உள்ளே அவ்வப்போது சூடேற்றித்தான்.

ஈரம் படுத்தும் பாடு அதிகமாகத் தெரிவது புரதத்தில் ஒட்டுவதற்காக விற்கும் சாயங்களில். எஃப்.ஐ.டி.சி.யும், என்.எச்.எஸ். எஸ்டர் என்று போட்டு வருகிறவையும் இந்த ரகம். இவற்றின் ஒட்டும் முனை தண்ணீரோடு வினைபுரிந்து செத்துப்போகும். வேடிக்கை என்னவென்றால், நிறம் அப்படியே இருக்கும், ஒளிரவும் செய்யும், புரதத்தில் மட்டும் ஒட்டாது. நீங்கள் மூன்று நாள் உழைத்துவிட்டு, சாயம் ஒட்ட வேண்டிய புரதமான ஆன்டிபாடி மோசம் என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். கடலோர ஊர்க் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த உள்சுவரில் வியர்த்துச் சாயத்தின் மேலேயே இறங்கும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவோடு சேர்த்து வெளியே எடுத்து, குப்பியைத் தொட்டால் சில்லென்று இல்லாத அளவுக்கு, அரைமணி நேரமாவது மூடியபடியே விட்டு, அப்புறம் திறங்கள். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தது என்றால் 18.5 டிகிரியிலேயே அது உறைந்துவிடும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் கட்டியாக இருக்கிறதே என்று பிப்பெட் முனையால் குத்த வேண்டாம், தானே உருகட்டும். எஃப்.ஐ.டி.சி. பொடியில் இன்னொரு தொல்லை, அது சுவாச ஒவ்வாமையைக் கிளப்பும் ரகம். ஆஸ்துமா இருப்பவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பச்சையாக ஒளிரும் ஃப்ளோரெசின் என்ற சாயத்தின் பொடி அறை வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், கவலையில்லை. கரைசல் மங்கிவிட்டது என்று கொட்டுவதற்கு முன்னால் அமிலத்தன்மையைப் பாருங்கள். பி.எச். 6-க்குக் கீழே போனால் அது நன்றாகவே மங்கும், 8-க்கு ஏற்றினால் பச்சை திரும்ப வந்துவிடும். வெயில் பட்டால்தான் உண்மையாகவே வெளுக்கும். ஜெர்மனியில் டான்யூப் ஆறு ஓரிடத்தில் பூமிக்குள் இறங்கி மறைகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க 1877-ல் 10 கிலோ ஃப்ளோரெசினை அதில் கொட்டினார்கள், சுமார் 60 மணி நேரத்தில் 12 கிலோமீட்டர் தள்ளி ஆஹ் ஊற்று பச்சையாகப் பொங்கியது. அவ்வளவு தூரமும் நிலத்தடி இருட்டு, சாயத்துக்கு அதைவிட நல்ல பாதை கிடையாது.

ரோஸ் நிறச் சாயமான ரோடமின் பி-யின் கரைசலைக் கண்ணாடியில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் அது ஒட்டிக்கொள்ளும், லேபிளில் எழுதிய செறிவு சில வாரங்களில் பொய்யாகிவிடும்.

கடைசியாக, எந்தச் சாயமாக இருந்தாலும் அது இருக்கும் ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டோ தயிர் சாதமோ இருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மட்டும் என்றாலும் கூடாது.

ஸ்டாக் டியூப் கீழே விழுந்து உடைந்தால் என்ன செய்வது? பிளீச்சிங் பவுடர் போட்டால் அழிந்துவிடும் என்கிறார்கள்.
– வேலூர்

பிளீச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். இந்தப் பழக்கம் பழைய கையேடுகளிலிருந்து வந்தது. பிளீச் பட்டால் சிவப்பு நிறம் போய்விடும், அதைப் பார்த்து நமக்கும் நிம்மதி வந்துவிடும். ஆனால் உருவாகும் புதிய பொருள்களில் சில தாமே மரபணு மாற்றம் செய்யக்கூடியவை. கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தாக மாற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான் நடந்தது.

முதலில் பக்கத்தில் இருப்பவர்களிடம் சத்தமாகச் சொல்லி நகரச் சொல்லுங்கள், மிதித்தபடி நடந்துபோய்விடுவார்கள். கையுறை இரண்டு அடுக்கு. உடைந்த கண்ணாடி இருந்தால் இடுக்கியால் எடுங்கள். சிந்தியதன் மேல் டிஷ்யூவைப் போர்த்தி ஊறவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். துடைப்பம், மாப்பு எதுவும் வேண்டாம், மாப்பு அறை முழுக்கச் சாயம் பூசும். அப்புறம் ஆல்கஹால் நனைத்த டிஷ்யூ, அதற்கப்புறம் நீர். விளக்குகளை அணைத்துக் கையடக்க யு.வி. விளக்கால் பாருங்கள். டி.என்.ஏ. இல்லாத இடத்தில் எத்திடியம் மங்கலாகத்தான் ஒளிரும், அதனால் கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்து, தரையின் இணைப்புக் கோடுகளையும் மேஜைக்காலின் அடியையும் பார்த்து, ஆரஞ்சு தெரியாமல் போகும்வரை திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டியதுதான். துடைத்த எல்லாமும் சாயக்கழிவுப் பைக்கு.

எங்கள் லேபில் ஜெல் ஓட்டிய, சாயம் கலந்த பஃபர் கரைசலை சிங்க்கில் கொட்டிவிடுகிறார்கள். "ரொம்ப நீர்த்ததுதானே" என்கிறார்கள். வேறு வழி?
– ஆசிரியர், தஞ்சாவூர்

வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. நீர்த்த கரைசலுக்கு ஆக்டிவேட்டட் கரித்தூள் போதும். 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் போட்டு, ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, வடிதாளில் வடிகட்டுங்கள். சாயம் கரியில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். வடிந்த நீரை யு.வி.யில் காட்டிப் பாருங்கள், ஒளிரவில்லை என்றால் வெளியே விடலாம். ஒளிர்ந்தால் இன்னொரு முறை கரி. கரியும் வடிதாளும்தான் இனிக் கழிவு, குடம் குடமாக இருந்தது கைப்பிடி அளவாகிவிட்டது.

ஜெல் துண்டுகள், பிப்பெட் முனைகள், கையுறைகள் இவற்றை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டால் ஆபத்து போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிருமி சாகும், சாயம் சாகாது, ஆவி பட்ட இடமெல்லாம் கறையாவதுதான் மிச்சம். தனிப் பையில், ஒழுகாத வாளியில், மூடியில் பெயரெழுதிச் சேர்த்து வைத்து, அபாயகரக் கழிவு எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். 2016-ல் வந்த மத்திய அரசின் அபாயகரக் கழிவு விதிகள் கல்லூரிகளுக்கும் சேர்த்துத்தான். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட கழிவுக்கான பொது நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஒரு துறையின் வாளி சிறியது என்று வண்டிக்காரர்கள் வர மாட்டார்கள், அதனால் வேதியியல் துறையோடு சேர்ந்து ஒரே நாளில் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இதில் கஷ்டமானது விஞ்ஞானம் இல்லை, இரண்டு துறைத் தலைவர்களை ஒரே மேஜையில் உட்கார வைப்பதுதான்.

செறிவான ஸ்டாக்கைச் சோடியம் நைட்ரைட், ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் கொண்டு சிதைக்கும் முறை உண்டு. அதில் விஷவாயு வரும், மாணவர்கள் தொட வேண்டாம், ஸ்டாக்கை அப்படியே கழிவாகக் கொடுத்துவிடுங்கள்.

சிங்க் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடிகளில் கெடாமல் இருக்கச் சோடியம் அசைடு சேர்த்திருப்பார்கள். அதை நாள்கணக்கில் சிங்க்கில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கக்கூடிய உப்பாகப் படியும். பிளம்பர் பாவம்.

காலையில் போட்ட கையுறையை மதியம் வரை கழற்ற மாட்டேன், அவ்வளவு கவனமாக இருக்கிறேன். இருந்தும் என் செல்போன் கவர் யு.வி.யில் ஆரஞ்சாகத் தெரிகிறது. எப்படி?
– சேலம்

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அந்தக் கையுறையோடு நீங்கள் போனையும் தொட்டீர்கள், கதவுக் கைப்பிடியையும் ஃப்ரிட்ஜையும் பேனாவையும் தொட்டீர்கள். உங்கள் கை சுத்தம், மற்றவர்கள் தொடும் எல்லாம் அசுத்தம். சாயம் தொட்ட கையுறை அந்த மேஜையை விட்டு நகரக் கூடாது. ஜெல் தட்டை யு.வி. அறைக்குத் தூக்கிப் போக வேண்டுமென்றால் ஒரு கையில் மட்டும் கையுறை போடுங்கள், வெறுங்கை கதவைத் திறக்கட்டும். லேடக்ஸ் வேண்டாம், நைட்ரைல் போடுங்கள். ஒரு ஜெல், ஒரு ஜோடி. செலவு என்பார்கள், பரவாயில்லை.

ஜெல்லில் பட்டைகளை வெட்டி எடுக்க யு.வி. பெட்டிமேல் கால்மணி நேரம் குனிந்திருந்தேன். அன்று ராத்திரி கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், வெளிச்சமே பார்க்க முடியவில்லை. சாயம் கண்ணில் பட்டுவிட்டதா?
– சென்னை

சாயம் இல்லை, விளக்கு. வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்கு வருவதும் இதேதான். கருவிழியின் மேல்தோல் யு.வி.யில் வெந்துபோகிறது, வலி உடனே தெரியாது, ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து நடுராத்திரியில் தொடங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும், ஆனாலும் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். வலிநிவாரணச் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது.

எத்திடியத்தை ஒளிரவைக்கப் பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது 302 நானோமீட்டர் விளக்கு, வெயிலில் தோலைக் கருக்கும் ரகத்தைச் சேர்ந்த கதிர். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது, பக்கவாட்டில் நுழையும். முகம், கழுத்து முழுக்க மறைக்கும் யு.வி. முகக்கவசம் போடுங்கள். கையுறைக்கும் கோட்டுக் கைக்கும் நடுவே மணிக்கட்டில் இரண்டு விரல் அகலம் தோல் தெரியுமே, கால்மணி நேரத்தில் சிவப்பது அந்த வளையம்தான். இதில் உங்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. அவ்வளவு நேரம் யு.வி. பட்ட டி.என்.ஏ. சேதப்பட்டிருக்கும், குளோனிங் வேலை செய்யவில்லை என்று அப்புறம் டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் லிகேஸ் நொதியைத் திட்டக் கூடாது.

பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்யும் மாற்றுச் சாயங்களுக்கு மாறிவிட்டால் கையுறையே தேவையில்லையா?
– ஈரோடு

தேவை. மாறுவது நல்லதுதான், குறிப்பாக நீல வெளிச்சத்தில் ஒளிர்கிற சைபர் சேஃப் மாதிரியானவை, யு.வி. பெட்டியையே ஓரங்கட்டிவிடலாம். ஜெல்ரெட்டில் வேறு தந்திரம்: எத்திடியம் போன்ற இரண்டு மூலக்கூறுகளைக் கோத்து, செல் சவ்வைத் தாண்டி நுழைய முடியாத அளவுக்குப் பெரிதாக்கிவிட்டார்கள். ஆனால் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்வதற்காகவே செய்த பொருள் எதுவும் உங்கள் டி.என்.ஏ.விடம் மட்டும் மரியாதையாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில சாயங்கள் டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து வருகின்றன, அந்தத் திரவம் தோலுக்குள் சுலபமாக இறங்கும், தன்னோடு கரைந்திருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். புட்டியில் பச்சை இலை படம் போட்டிருப்பதால் கழிவை சிங்க்கில் விடலாம் என்றும் ஆகிவிடாது.

என் மகளின் கல்லூரி லேபில் ரோடமின் பி என்று ஒரு புட்டியைப் பார்த்தேன். பஞ்சுமிட்டாயில் போட்டதாகச் சொன்னது இதே பொருளா? லேபில் வைத்திருப்பதை எப்படிச் சாப்பிடும் பண்டத்தில் போட்டார்கள்?
– இல்லத்தரசி, கடலூர்

அதே பொருள்தான். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும், அதே மாதம் 17-ஆம் தேதி தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது இதனால்தான். இது துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம், விலை மலிவு, ஒரு சிட்டிகை போட்டால் வண்டி நிறையப் பளபளக்கும் ரோஸ் நிறம் வந்துவிடும். உணவில் போட அனுமதியே இல்லாதது. ஆய்வகத்தில் உங்கள் மகள் மில்லிகிராம் கணக்கில், கண்ணாடி போட்டுக்கொண்டு எடுப்பார், ஏனென்றால் அந்தப் பொடி கண்ணில் பட்டால் கடுமையான காயம் உண்டாக்கும். பட்டால் தண்ணீரைத் திறந்துவிட்டு, இமையை விரித்துப் பிடித்துப் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மிட்டாயை வாயில் போடுகிற குழந்தைக்கு இந்த விவரம் எதையும் யாரும் சொல்வதில்லை.

கண் மருத்துவமனையில் கையில் மஞ்சள் ஊசி போட்டுப் படம் எடுத்தார்கள். சிறுநீர் மறுநாள் வரை மஞ்சளாகப் போகிறது. இதுவும் நீங்கள் எழுதும் ஆய்வகச் சாயம்தானா? பயமாக இருக்கிறது.
– நாகர்கோவில்

அது ஃப்ளோரெசின், 1871-ல் அடால்ஃப் வான் பேயர் முதலில் தயாரித்தது. விழித்திரை ரத்தக் குழாய்களைப் படமெடுக்க வழக்கமாக 500 மில்லிகிராம் அளவில் நரம்பில் செலுத்துகிறார்கள். தோல் சில மணி நேரம் மஞ்சளாகத் தெரியும், சிறுநீர் ஒன்றிலிருந்து ஒன்றரை நாள் வரை நிறம் மாறிப் போகும். சிறுநீரகம் அதை வெளியே தள்ளுகிறது என்றுதான் அர்த்தம், நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். சிலருக்குக் குமட்டும், மிக அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரும், அதற்குத்தான் அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அடுத்த முறை மறக்காமல் சொல்லுங்கள்.

மூலக்கூறு ஒன்றுதான், ஆனால் ஆய்வகப் புட்டியில் இருப்பதை உடம்பில் செலுத்த முடியாது. கருவிழிப் புண்ணைக் கண்டுபிடிக்கவும் இந்தச் சாயம்தான், முன்பெல்லாம் அதைச் சொட்டு மருந்துப் புட்டியில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அந்தக் கரைசலில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா சுகமாக வளரும். புண் இருக்கிறதா என்று பார்க்கப் போட்ட சொட்டே கண்ணைக் கெடுக்கும் நிலை. 1950-களில் கிருமி நீக்கிய காகிதப் பட்டைகள் வந்தன, ஒரு பட்டை ஒரு நோயாளிக்கு, அப்புறம் குப்பை. இன்றும் மருத்துவர் ஆரஞ்சு முனை கொண்ட சின்னக் காகிதத்தை உறையிலிருந்து கிழித்து எடுப்பதைப் பார்க்கலாம். மென் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவரானால் சோதனைக்கு முன்னால் கழற்றிவிடுங்கள், சாயம் லென்ஸில் ஏறினால் போகாது.

எங்கள் லேப் அலமாரியில் 2011 தேதியிட்ட எத்திடியம் கரைசல் இருக்கிறது. பயன்படுத்தலாமா?
– கும்பகோணம்

இருட்டில், இறுக மூடி இருந்திருந்தால் வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. அளவு தெரிந்த டி.என்.ஏ. துண்டுகளின் கலவையை (லேடர் என்பார்கள்) ஓட்டிப் பாருங்கள், பட்டைகள் எல்லாம் தெரிந்தால் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூடியின் ஓரத்தில் சிவப்புப் படிவு காய்ந்து உதிர்கிற மாதிரி இருந்தால் மட்டும் திறக்காதீர்கள். உதிர்வது பொடி, கோவைக்காரருக்குச் சொன்ன எல்லாம் உங்களுக்கும்தான். அந்தப் புட்டியை அப்படியே ஒரு ஜிப் பையில் போட்டுக் கழிவு வாளியில் சேர்த்துவிட்டு, புதிதாக ஒரு கரைசல் வாங்கிக்கொள்ளுங்கள்.